மூன்றாவது கை

"சாய்க்கணுமா?" என்று கேட்டார் பின்பக்கம் பிடித்திருந்தவர்.

"வேணாம், நேராவே போகுது" என்றார் முன்பக்கம் பிடித்திருந்தவர். நம்ப முடியாமல் ஒருமுறை திரும்பியும் பார்த்துக்கொண்டார்.

மருத்துவமனை வண்டியோடு வந்த அந்த இருவருக்கும் வீடுகளைப் பற்றி நன்றாகத் தெரியும். எந்த வீடானாலும் ஸ்ட்ரெச்சரை வாசலில் நிறுத்தி, ஒருபக்கமாகச் சாய்த்து, படிக்குப் படி மூச்சு வாங்கி, திருப்பத்தில் யாராவது ஒரு மாமாவின் காலை மிதித்துத்தான் உள்ளே போக முடியும். சில வீடுகளில் இறந்தவரைக் கிட்டத்தட்ட நிற்க வைத்தே கொண்டுபோயிருக்கிறார்கள். இங்கே சரிவில் சக்கரம் தானாக ஏறியது. வாசலில் படி இல்லை. கதவுக்குக் கீழே தடுக்க ஒன்றும் இல்லை. கதவின் அகலம் மூன்றரை அடி. கூடத்துக்கு வந்ததும் ஒரே திருப்பு. தலை எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கம் வந்துவிட்டது.

"யாரு கட்டின வீடு இது?" என்று கேட்டபடி முன்பக்கக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். வியர்வை ஒன்றும் இருக்கவில்லை. பழக்கம்.

"எங்க அக்காதான்" என்றான் தம்பி.

"அருமையா செஞ்சிருக்காங்க. எங்களுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு."

அந்த அக்கா, இறந்தவரின் மகள், சுவரோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேலைக்கு எத்தனையோ பாராட்டுகள் வந்திருக்கின்றன. இவ்வளவு மனதாரச் சொன்னவர்கள் இல்லை.

முதியவர்கள் கடைசிவரை சொந்த வீட்டிலேயே இருக்கும்படி வீடுகளை மாற்றி வரைவது அவள் தொழில். 'கடைசிவரை' என்பதைத் தன் அலுவலக அட்டையில் கொஞ்சம் பெரிய எழுத்திலேயே அச்சடித்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அப்பா அம்மாவின் வீட்டை உள்ளே முழுக்க இடித்து மாற்றியதும் அவள்தான். இன்று காலை பத்து மணிக்கு முதியோர் சங்கத்திலிருந்து ஏழு பேரை அழைத்துவந்து இந்த வீட்டைக் காட்டுவதாக இருந்தது. பிடித்துவிட்டால் இதேபோல இருபது வீடுகள்.

ஏழு மணிக்கு அப்பா விழுந்தார். படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் பன்னிரண்டடி நடைவழியில், சரியாக நடுவில். காபியோடு வந்த அம்மா பார்த்தபோது ஒருக்களித்துப் படுத்திருந்தார். மருத்துவமனையில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். பொய் சொல்ல இன்னும் பழகவில்லை.

"இதயம் நின்னதால விழுந்தாரா, விழுந்த அதிர்ச்சியில நின்னுதான்னு இனிமே பிரிச்சுச் சொல்றது கஷ்டம்மா. நாங்க இதயம்னு எழுதிடுவோம்."

எழுதிவிட்டார். அவருக்கு வேலை முடிந்தது. மகளுக்கு அந்த இரண்டையும் பிரித்தாக வேண்டியிருந்தது. முதலாவது என்றால் அப்பா இறந்துவிட்டார். இரண்டாவது என்றால் அவள் வரைந்த வீடு அவரைக் கீழே தள்ளியிருக்கிறது.

கூடத்தின் நடுவே அப்பாவைக் கிடத்தினார்கள். முகச்சவரம் செய்யாத முகம். கொஞ்சம் பொறுங்கள், தயாராகிவிடுகிறேன் என்று சொல்வதுபோல வாய் லேசாகத் திறந்திருந்தது. சுற்றி நாலு பக்கமும் ஆட்கள் தாராளமாக நடக்க இடம் இருந்தது. எப்படி இல்லாமல் போகும்? அது சித்தப்பாவின் வட்டம்.

வீட்டுக்கு வரைபடம் போடும்போது அளவுக்கு ஓர் ஆளையும் வரைவார்கள். மகள் வரைந்த ஆள் சக்கர நாற்காலியில் இருந்தார். மேலிருந்து பார்த்தால் உருண்டைத் தலை, இரண்டு தோள், நீட்டிய பாதம். அவரைச் சுற்றி ஐந்தடி விட்டத்தில் ஒரு புள்ளிக்கோட்டு வட்டம். நாற்காலி எதிலும் இடிக்காமல் முழுதாகத் திரும்ப அவ்வளவு இடம் வேண்டும். கூடத்தில் ஒரு வட்டம், படுக்கையறையில் ஒன்று, குளியலறைகளில் ஒவ்வொன்று. அப்பா அப்போது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தார். ஆனால் வீட்டை இன்றைக்காக வரையக் கூடாது, பத்து வருடம் தள்ளி வரைய வேண்டும் என்பது அவள் தொழிலின் அரிச்சுவடி.

பெயர் வைத்தது தம்பி. "சித்திரத்துல இருக்கிற அப்பா, சித்தப்பா" என்றான். அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது. கதவு ஏன் இவ்வளவு அகலம்? சித்தப்பாவுக்கு. சமையல் மேடைக்குக் கீழே அலமாரி ஏன் இல்லை? சித்தப்பா முழங்காலை எங்கே வைப்பார்? அப்பாவுக்குக் கூடப் பிறந்த தம்பி கிடையாது. எழுபத்தைந்து வயதில் ஒருவன் கிடைத்ததை அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். "அவன் நல்லா நடுவுல இருக்கட்டும். நான் ஒரு ஓரமா இருந்துக்கிறேன்" என்பார்.

இப்போது அப்பா நடுவில் இருந்தார். மகளுக்குச் சித்தப்பா எங்கே போனார் என்று கவலையாக இருந்தது. கூட்டத்துக்குள் அவர் சத்தமில்லாமல் உருண்டு வருவதை அவளால் பார்க்க முடிந்தது. அத்தையின் சேலை ஓரத்தில் ஏறாமல், கழற்றிப் போட்ட செருப்புகளில் இடிக்காமல், அளவு பிசகாமல் திரும்பிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த வீட்டில் அவர் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சாடா?" என்று அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்.

"சொல்லியாச்சு அத்தை. சித்தப்பாவுக்குத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றான் தம்பி. அழுது வீங்கிய கண்ணோடு அதைச் சொன்னான்.

"எந்தச் சித்தப்பாடா?"

"விடுங்க அத்தை."

அத்தை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நடைவழிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து மகளிடம் குரலைத் தாழ்த்தினாள். "ஏம்மா, பஸ்ஸு மாதிரி ரெண்டு பக்கமும் கம்பி வச்சிருக்க. அதைப் பிடிச்சுக்கிட்டு நடக்கத் தெரியாதா எங்கண்ணனுக்கு?"

அதைத்தான் மகள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து நடைவழிக்குப் போனாள்.

நாலரை அடி அகலம். சக்கர நாற்காலியும், பக்கத்தில் துணைக்கு ஒருவரும் ஒன்றாகப் போகலாம். பழைய நடைவழி இதில் பாதி அகலம். அதிலும் அப்பா அம்மா சேர்த்து வைத்த சாமான்கள். வேலையைத் தொடங்கும் முன் அவள் பட்டியல் போட்டாள். 'தடைகள்' என்று தலைப்பு. செருப்பு அலமாரி, தையல் மெஷின், பழைய டிரங்குப் பெட்டி, சாப்பாட்டு மேசையின் நாற்காலிகள். மொத்தம் பதினான்கு. எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். இடம் வெள்ளை வெளேரென்று திறந்துகொண்டது. வேலை முடிந்த அன்று அப்பா அந்த முனையில் நின்று, "இன்ஜினியரம்மா, எதிர் வண்டி வந்தாக்கூட ஒதுங்கலாம் போலிருக்கே" என்றார்.

அவள் கம்பியைத் தொட்டாள். விரலில் தூசி வந்தது. தினமும் ஒரு கை போய்வரும் கம்பியில் தூசி எப்படி நிற்கும்? முனையில் கடைக்காரன் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் இன்னும் உரியாமல் இருந்தது. அவள் வரும்போதெல்லாம் அப்பா கம்பியைப் பிடித்துத்தான் நடந்தார். இப்போது நினைத்துப் பார்த்தால், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும்தான். அடுத்த வீட்டுக்காரரின் ஈரத் துணியைக் கொடியில் நகர்த்துகிற மாதிரி.

"பாப்பா."

அப்பாவோடு வேலை பார்த்த பஸ் டிரைவர் நின்றிருந்தார். அப்பா கண்டக்டர், முப்பத்தொரு வருடம். அதில் பத்தொன்பது வருடம் இவரும் அப்பாவும் ஒரே வண்டி. வண்டியை எடுக்க 'ரைட்டு' என்று அப்பா கொடுக்கும் குரலையே இவர் அவருக்குப் பெயராக்கிவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு அப்பாவின் சொந்தப் பெயர் தெரியாமல் போனதற்கு இவர்தான் காரணம்.

"எங்க விழுந்தான் ரைட்டு?"

"இங்கதான் மாமா. நட்ட நடுவுல. கம்பி இருந்துச்சு மாமா, ரெண்டு பக்கமும். கையை நீட்டினா போதும். பிடிக்கவே இல்ல."

டிரைவர் கம்பியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "அவன் எப்படிம்மா பிடிப்பான்?"

"ஏன், கைக்கு என்ன?"

"கம்பி பயணிக்கு. கண்டக்டர் கம்பியைப் பிடிச்சா வண்டியில சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். ஒரு கையில டிக்கெட்டுக் கட்டு. இன்னொரு கையில சில்லறை. நான் பிரேக்கைப் போட்டா அத்தனை பேரும் கம்பியில தொங்குவாங்க. இவன் மட்டும் கோயில் தூண் கணக்கா நிப்பான். எப்படி நிப்பான்னு நினைக்கிற?"

அவள் டிரைவரின் காலைப் பார்த்தாள்.

"இடுப்பு" என்றார் டிரைவர். "சீட்டு முதுகோட ஓரத்துல இடுப்பை இப்படி ஒரு அணை குடுப்பான். அடுத்த சீட்டுக்கு ஒரு எட்டு, அங்க ஒரு அணை. கண்டக்டருக்கு இடுப்புதான் மூணாவது கை. என் வண்டியில ஒரு தடவைகூட அவன் விழுந்ததில்ல. நான் ஓட்டின ஓட்டுக்கு விழுந்திருக்கணும்."

சொல்லிவிட்டு நடந்தும் காட்டினார். எழுபது தாண்டிய மனிதர், துக்க வீட்டில், ஒரு பக்க இடுப்பை வெட்டி வெட்டிக் காற்றில் இடித்துக்கொண்டு நடந்தார். கூடத்திலிருந்து பார்த்த இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாதி வழியில் டிரைவர் நின்றுவிட்டார். கை தானாகச் சுவரைத் தேடியது.

"இங்க அணை குடுக்க ஒண்ணுமே இல்லையே" என்றார். "போன மாசம் வந்தப்ப இருந்துச்சே."

"என்ன இருந்துச்சு?"

"நாற்காலிங்கதான். இந்தப் பக்கம் வரிசையா, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. அஞ்சு இருந்துச்சு. 'என்னடா ரைட்டு, வீட்டையே வண்டியாக்கிட்டியா'ன்னு கேட்டேன். 'ஜன்னலோரம் வேணும்னா முன்னாடியே சொல்லணும்'னான்."

"மாமா, போன மாசம் நான் மூணு தடவை வந்தேன். இந்த நடையில ஒரு குடைகூட இல்ல. நீங்க வேற யாரு வீட்டையோ சொல்றீங்க."

"எனக்கு மறதி உண்டு. இல்லைன்னு சொல்லல" என்றார் டிரைவர் நிதானமாக. "ஆனா ரெண்டாவது நாற்காலியில உக்காந்து காபி குடிச்சேன். கால் ஆடிச்சு. நாற்காலிக்கும்மா."

அவர் கூடத்துக்குப் போன பிறகு மகள் தரையில் உட்கார்ந்தாள். வெள்ளைத் தரை. வெளிச்சத்துக்குச் சாய்வாகத் தலையை வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. நாலு சாம்பல் புள்ளிகள், ரப்பர் தேய்ந்த தடம். கொஞ்சம் தள்ளி இன்னும் நாலு. அதற்கப்புறம் நாலு. நடைவழி முழுக்க இருபது புள்ளிகள். அவள் கைப்பையில் டேப் எப்போதும் இருக்கும். எடுத்து அளந்தாள். அப்பாவின் உடல் கூடத்தில் இருக்கும்போது அவர் மகள் தரையை அளந்துகொண்டிருந்ததை அத்தை பார்த்துவிட்டுப் போனாள். அதைப் பல வருடங்களுக்குச் சொல்லுவாள்.

"மாமா" என்று கூடத்துக்குப் போய் மெதுவாகக் கேட்டாள். "வண்டியில ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் எவ்வளவு இருக்கும்?"

"ரெண்டேகால் அடி" என்றார் டிரைவர், யோசிக்காமல்.

அளந்ததும் அதுதான். ஐந்துக்கும் ஒரே அளவு, அரை அங்குலம் பிசகவில்லை. டேப் இல்லாமல் வைத்திருக்கிறார். இடுப்பால் அளந்து வைத்திருக்கிறார்.

நாற்காலிகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. இந்த வீட்டில் ஐந்து நாற்காலி ஒளியக்கூடிய இடம் ஒன்றுதான் உண்டு. நடைவழியின் கடைசியில் இரண்டாவது குளியலறை. சக்கர நாற்காலியோடு அப்படியே உள்ளே போய்க் குளிக்க வரைந்தது. சித்தப்பாவைத் தவிர யாரும் உபயோகித்ததில்லை. வீட்டிலேயே அவள் அதிகம் பெருமைப்பட்ட அறை. தள்ளுகதவு ஒரு விரலால் தள்ளியதும் நகர்ந்தது.

பழைய சாப்பாட்டு மேசையின் நாற்காலிகள்தான். மூன்று, சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளை புத்தகம் அடுக்கியதுபோல நேராக இருந்தன. மற்ற இரண்டும் கதவருகே கோணல்மாணலாகக் கிடந்தன. ஐந்திலும் முதுகுக் கட்டையின் ஒரே ஒரு மூலை மட்டும் வார்னிஷ் போய், வழவழவென்று மின்னியது. அவள் தன் இடுப்பை அந்த மூலையில் வைத்துப் பார்த்தாள். அப்பா அவளைவிட உயரம். அவளுக்குக் கொஞ்சம் மேலே இடித்தது.

பின்னால் யாரோ நிற்பதுபோல இருந்தது. திரும்பவில்லை. சித்தப்பாவாக இருந்தால் அவர் உள்ளே வருவதற்கு இப்போது இடமில்லை. அது அவளுக்கு முதல்முறையாகக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது.

அம்மா சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். மேடை இரண்டரை அடி உயரம். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அளவெடுத்த உயரம். அம்மா நின்று வேலை செய்பவள். இரண்டு வருடமாக இப்படித்தான் குனிந்து கழுவுகிறாளா என்று மகள் இன்றுதான் பார்த்தாள்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? யாராவது செய்வாங்க."

"சும்மா உக்காந்தா எல்லாரும் வந்து கட்டிப் பிடிக்கிறாங்க" என்றாள் அம்மா.

"அம்மா, நாற்காலி."

"வந்தவங்களுக்குப் போதலையா?"

"பாத்ரூம்ல அஞ்சு இருக்கே."

அம்மா குழாயை மூடவில்லை. ஒரு டம்ளரை இரண்டாம் முறை கழுவினாள்.

"நீ வர்ற அன்னைக்கு எடுத்து வச்சிடுவோம்" என்றாள்.

"யாருக்கோ குடுத்துட்டதா சொன்னீங்க?"

"குடுத்தோம். பக்கத்து வீட்டுக்குக் குடுத்தோம். உங்கப்பா ரெண்டு நாள் நடந்து பாத்தாரு, ஒத்து வரல. போயி திருப்பிக் கேட்டு வாங்கிட்டு வந்துட்டாரு. அஞ்சுதான் கிடைச்சுது. ஒண்ணை அவங்க உடைச்சுட்டாங்க." அதைச் சொல்லும்போது அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது.

"ரெண்டு வருஷமா, நான் வர்றப்ப எல்லாம்?"

"பெரிய வேலையா என்ன? ரெண்டு நான், மூணு அவரு. நான் இழுத்துக்கிட்டுப் போவேன், தரை கரகரன்னு கத்தும். அவரு தூக்கித்தான் வைப்பாரு. சத்தமே வராது. 'நீ இழுக்கிற இழுப்பு அவ ஆபீஸ் வரைக்கும் கேக்கும்டி'ம்பாரு."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அம்மா. ஒரு வார்த்தை."

"சொல்லலாம்னுதான் இருந்தோம்." அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நீ வந்ததும் நேரா அந்த நடைக்குத்தான் போவ. நடுவுல நின்னு ரெண்டு கையையும் விரிச்சுப் பாப்ப. அப்ப உன் மூஞ்சி இருக்கே. சின்னப் பிள்ளையில படம் வரைஞ்சு கொண்டாந்து காட்டுவியே, அதே மூஞ்சி. 'அஞ்சு நிமிஷ வேலை, எடுத்து வச்சிட்டுப் போறோம் விடு'ன்னுட்டாரு."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு?"

அம்மா குழாயை மூடினாள். "ஏழு பேரு வர்றாங்கன்னு சொன்னியே. ஆறு மணிக்கே எடுத்து வச்சாச்சு. அப்புறம் அவரு போயி செத்த நேரம் படுத்தாரு. ஷேவ் பண்ணணும்னு எந்திரிச்சாரு."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அம்மா நிமிர்ந்தாள், நிமிர நேரமாயிற்று.

"டாக்டர் இதயம்னுதானே சொன்னாரு?"

"ஆமாம்மா."

"அப்ப இதயம்தான்" என்றாள் அம்மா. கழுவிய டம்ளர்களைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள்.

மூன்று மணிக்குச் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். காலையில் வரவேண்டிய அதே ஏழு பேர், இப்போது மாலையோடு. வரிசையாக நின்று கும்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டு வரிசை கலையும்போது ஒருவர் குனிந்து, வாசலில் படி இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்தார். இன்னொருவர் கதவின் அகலத்தைச் சாணால் அளந்தார். அளந்ததை யாரும் பார்க்கக் கூடாதென்று அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பெண்மணி கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "நல்ல சாவு" என்று பெருமூச்சு விட்டார். அது அப்பாவைப் பற்றியா வீட்டைப் பற்றியா என்று தெளிவாக இல்லை.

செயலாளர் மகளை ஓரமாகக் கூப்பிட்டார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது."

"சொல்லுங்க சார்."

"எங்களுக்குப் பூரண திருப்தி. இருபது வீடும் இதே மாதிரி. ஒரு அங்குலம் மாத்த வேணாம்." நடைவழிக்குள் இரண்டடி வைத்து, கைகளை இரண்டு பக்கமும் விரித்துப் பார்த்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. "எவ்வளவு தாராளம்! அப்பா இதுல எப்படி நடப்பாரு? சௌகரியமா நடந்தாரா?"

"நான் பாத்ததில்ல சார்."

"ம்?"

"அவரு நடந்து நான் பாத்ததே இல்ல."

செயலாளர் தலையை ஆட்டினார். துக்கத்தில் இருப்பவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்பது அவருக்கு அனுபவம். "வரைபடத்தை மெதுவா அனுப்புங்க. அவசரமில்ல" என்றார். "அடுத்த வாரம் போதும்."

"இருபது பேரையும் நான் முதல்ல பாக்கணும் சார். அவங்க வீட்டுல. சொல்லாம போயி பாக்கணும்."

"எதுக்கு? அளவு எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

அவள் பதில் சொல்வதற்குள், அப்பாவை எடுக்கச் சொல்லி வெளியே குரல் கேட்டது.

எடுத்துப் போனதும் சுலபமாகவே நடந்தது. வண்டியின் பின்கதவைச் சாத்தினார்கள். ஏறுபவர்கள் ஏறிவிட்டார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி மட்டும் நகரவில்லை. வண்டிக்காரர் கண்ணாடியில் பார்த்தபடி யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தார். எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடமும் அவர் அந்தச் சொல்லைக் காதால் கேட்டே பழகியவர். வாயைத் திறந்தார். பின்கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி நகர்ந்தது.

எல்லாம் முடிந்து திரும்பும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. அத்தையை விட்டுவிட்டு வரத் தம்பி கிளம்பிப் போனான். வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். கூடத்தில் நடுவிடம் துடைத்துவிட்டதுபோலக் காலியாக இருந்தது. அதன் குறுக்கே யாரும் நடக்கவில்லை; அம்மாகூடச் சுவரோரமாகவே போய் வந்தாள்.

"நான் ராத்திரி இங்கதான் இருக்கப் போறேன்" என்றாள் மகள். "மாத்துத் துணி மட்டும் எடுத்துட்டு வந்துடறேன். ஒரு மணி நேரம்."

"அவசரமில்ல. சாப்பிட்டுட்டே வா."

"கதவைச் சாத்திக்கம்மா."

"ம். வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிட்டு வா" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாதான் முதலில் கண்ணைத் திருப்பினாள்; எதற்கோ கதவுப் பிடியைத் துடைத்தாள்.

"பண்றேம்மா" என்றாள் மகள்.

கதவு சாத்திக்கொண்டது. அவள் சரிவில் இறங்கிப் பாதியில் நின்றாள். தெருவில் பிள்ளைகள் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். அது ஓய்ந்த பிறகு வீட்டுக்குள் தள்ளுகதவு நகர்வது கேட்டது. அப்புறம் தரையில் ஒரு நாற்காலி கரகரவென்று இழுபட்டது. நீளமாக, நடைவழியின் பாதி வரைக்கும். நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

அவள் மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. அவள் போகவும் இல்லை, திரும்பி உள்ளே நுழையவும் இல்லை. மிச்சம் மூன்றையும் ஒருவர் தூக்கி வைக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் அங்கேயே நின்றாள்.